இரண்டு விரல்

சேரன் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, வாயைத்தான் கிளாஸுக்குக் கொண்டுபோனான். ஃபைனல் அன்று காலை, விழுப்புரத்தில் மைதானத்துக்கு எதிரே இருந்த கடையில் பெஞ்சின்மேல் கிளாஸை வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீருக்குக் குனிகிற கன்றுக்குட்டி மாதிரி குனிந்து உறிஞ்சினான். சூடாக இருக்கிறதாம். ஏடு படிந்து ஆறிப்போன டீ அது. மற்ற பையன்கள் வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வல்லரசு மட்டும் பார்த்துவிட்டான். பார்த்துத் தொலைத்தோமே என்று அப்போதே நொந்துகொண்டான்.

"கை எப்பிடிடா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுண்ணா."

"தூக்கு பாப்போம்."

"டீ குடிச்சிக்கினு இருக்கேன் இல்ல. அப்பறமா தூக்கறேன்."

இரண்டு பேரும் திண்டிவனத்தில் ஒரே கல்லூரி. வல்லரசு கடைசி வருஷம், பேஸ்பால் அணியின் கேப்டன். சேரன் முதல் வருஷம். பேஸ்பாலில் பந்தை எறிகிறவன் பிட்சர், அது சேரன். மட்டைக்காரனுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூண்டை மாட்டிக்கொண்டு குந்தியிருந்து பிடிக்கிறவன் கேட்சர், அது வல்லரசு. பார்க்கிறவர்களுக்கு எறிகிறவன்தான் ராஜா. எந்தப் பந்தை எறிவது என்று தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டிச் சொல்வது குந்தியிருக்கிறவன் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

சேரன் இந்த ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. அவனுக்கு கிரிக்கெட்தான் உயிர். ஆனால் பந்து போடும்போது முழங்கை மடங்கும், கிரிக்கெட்டில் அது கூடாது. "மாங்கா அடிக்கிறான்டா" என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு டீம் விடாமல் அவனைத் துரத்தியிருந்தது. கடைசியில் அவனுக்கு மாங்கா என்றே பேராகிப்போனது. அவன் அம்மா சவுரியம்மாள் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவள், மகனை ஏன் எல்லாரும் மாங்கா என்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை. கல்லூரியில் வல்லரசு அவனை முதல்முறை பார்த்தபோது, வேப்பமரத்து உச்சியில் சிக்கிய பந்தைக் கல்லெறிந்து விழவைத்துக்கொண்டிருந்தான். ஒரே கல், ஒரே பந்து. கிரிக்கெட்டில் குற்றமாக இருந்த அந்தக் கை, பேஸ்பாலில் வரமாகிவிட்டது.

ஒரு வருஷம் சாயங்காலம் தவறாமல் கல்லூரிக்குப் பின்பக்கத்து மைதானத்தில் ஒருவன் எறிய, ஒருவன் குந்த, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மூன்று பந்துகளைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு விரல் காட்டினால் வேகம். மூன்று விரல் என்றால் மெதுவான பந்து, கை அதே வேகத்தில் சுழலும், பந்து மட்டும் நிதானமாக வரும். இரண்டு விரல்தான் பெரிய பந்து. நெஞ்சுயரத்துக்கு வந்துகொண்டிருப்பது மட்டைக்கு முன்னால் சட்டென்று பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கிவிடும். பையன்கள் அதற்குப் பள்ளம் என்றே பேர் வைத்தார்கள். பள்ளத்தை அடிக்கவும் ஆளில்லை, பிடிக்கவும் வல்லரசைத் தவிர ஆளில்லை. பிடிக்கக் கற்றுக்கொண்ட நாட்களில் அவன் முழங்காலுக்குக் கீழே பச்சைக்கும் கருப்புக்கும் நடுவில் ஒரு நிறமாக இருந்தது.

அந்தப் பள்ளம்தான் சேரனின் முழங்கையைத் தின்றுகொண்டிருந்தது. மண்டலப் போட்டியின் அரையிறுதிக்குப் பிறகு வல்லரசு அவனை வலுக்கட்டாயமாக ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனான். டாக்டர் முழங்கையின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். சேரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். நார் நைந்திருக்கிறது, இரண்டு மாதம் பந்தைத் தொடக்கூடாது, மீறினால் அறுந்துபோகும், அறுந்தால் எறிவதை மறந்துவிடலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சேரன் வழிமறித்தான். "யார்கிட்டயும் சொல்லாதண்ணா. ஃபைனல் பாக்க ஸ்டேட் செலக்டருங்க வர்றாங்க. இந்த வருசம் விட்டா நான் திரும்ப மாங்காதான். சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியம்."

"எங்க மாதா மேல பண்ணா நீ மறந்துடுவ. உங்க வக்கிரகாளி மேல பண்ணு."

விவரமான பையன். வல்லரசின் குடும்பம் பௌர்ணமி தவறினாலும் திருவக்கரைக் காளி கோயில் தவறாது என்று அவனுக்குத் தெரியும். வல்லரசு பண்ணித் தொலைத்தான். சத்தியம் பண்ணியதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. மண்டலத்தில் முதலிடம் என்று ஒரு சான்றிதழ் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸுக்குப் போகலாம் என்று மூன்று வருஷமாக அவன் கட்டிவைத்த கோட்டை இருந்தது. இல்லையென்றால் சொந்த ஊர் பெருமுக்கல்லில் அப்பாவோடு நிலத்தில் இறங்க வேண்டியதுதான். சேரன் எறியாமல் முதலிடம் கிடையாது. இந்தக் கணக்கு அவனுக்கே அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது.

ஒரு வழி யோசித்திருந்தான். ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். அலெக்ஸை வைத்து ஆரம்பித்துவிட்டு, கடைசி இரண்டுக்கு மட்டும் சேரனைக் கொண்டுவந்தால் கை தாங்கும், பள்ளமும் தேவைப்படாது. அலெக்ஸ் நல்லவன். அவன் பந்தும் அவனைப் போலவே நல்ல பந்து, யாரையும் ஏமாற்றாது.

உடற்கல்வி ஆசிரியர் சீனுவாசன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் கிரிக்கெட் ஆசாமி. பேஸ்பாலை அவர் தலையில் கட்டியது கல்லூரி நிர்வாகம், அவருக்கு அது கூடுதல் தலைவலி. "ஓப்பனிங் பவுலரை எவனாவது கடைசில போடுவானாடா? முதல்லயே விக்கெட்டை எடு."

"விக்கெட் இல்ல சார், இதுல..."

"ஏதோ ஒண்ணு. எடு."

சேரன் அவருக்கும் மேலே போனான். "மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல செலக்டருங்க கெளம்பிடுவாங்களாம்ணா. கடைசில வந்து நான் யாருக்கு எறியறது? காக்காவுக்கா?" ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் சேரன், உள்ளே சான்றிதழ். ஆடுகிறவர்களின் பட்டியலில் பிட்சர் என்ற இடத்தில் சேரன் என்று எழுதியது வல்லரசின் கைதான், வேறு யார் கையும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் இன்னிங்ஸ் முழுக்க வல்லரசு ஒரு விரலும் மூன்று விரலுமாகவே காட்டி ஓட்டினான். எதிரணியான விழுப்புரத்துப் பையன்கள் சும்மா இல்லை. இரண்டாவது இன்னிங்ஸில் வேகப்பந்துக்குக் காத்திருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து சீனுவாசன் சார் கத்தினார். "அந்த வளையற பந்தைப் போடச் சொல்லுடா. ஜல்தி." சேரனும் அங்கிருந்தே கண்ணால் அதையே கேட்டான்.

வல்லரசு இரண்டு விரலைக் காட்டினான்.

பந்து பள்ளத்தில் இறங்கியது. மட்டைக்காரன் காற்றை அடித்துவிட்டுத் தன் மட்டையையே சந்தேகமாகப் பார்த்தான். நிழல்பந்தலில் இருந்த செலக்டர்களில் ஒருவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இரண்டு விரல், மறுபடி இரண்டு விரல். எதிர்த்தரப்பு சுருண்டது, திண்டிவனம் மூன்று ரன் முன்னால் போனது, பையன்கள் விசில் அடித்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்குப் பிறகும் சேரனின் இடதுகை வலது சட்டைக் கையை இழுத்துவிடும். அதைக் கூண்டுக்குள்ளிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்தான், பார்த்துக்கொண்டே விரலையும் காட்டினான். தன்மேல் அவனுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

நான்காவது இன்னிங்ஸில் பள்ளம் சீக்கிரமே இறங்கிவிட்டது. மட்டைக்கு மூன்றடி முன்னால் புழுதியில் விழுந்து உருண்டது. அடுத்ததும் அப்படியே. வல்லரசு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு சேரனிடம் போய்க் கையை நீட்டினான்.

"என் கையை அழுத்து."

சேரன் அழுத்தினான். கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மட்டும்தான் அழுத்தின. சுண்டுவிரலும் மோதிரவிரலும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன.

"மரத்துப்போச்சா?"

"கொஞ்சம். சரியாயிடும். சொல்லாதண்ணா, சத்தியம் பண்ணிருக்க."

நிறுத்தினால் சான்றிதழ் போகும். சொன்னால் சத்தியம் போகும். விட்டால் இந்தப் பையனின் கை போகும். நாளைக்குக் களைக்கொத்து பிடிக்கக்கூட வேண்டிய கை அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சுவரில் வல்லரசுக்கு ஒரே ஒரு ஓட்டை தெரிந்தது, அந்த ஓட்டை சீனுவாசன் சார்.

அவரிடம் ஓடினான். "சார், பையன் டயர்டாயிட்டான். கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலாம். அலெக்ஸ் போடட்டும்."

சார் தாடையைத் தடவினார். "கரெக்ட்டுதான். ஸ்பெல்லை முடிச்சிடு. கடைசி ரெண்டுக்குத் திரும்பக் கொண்டாந்துடு, டெத் ஓவருக்கு."

"சரிங்க சார்."

கிரிக்கெட்டில் பந்து போட்டவன் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப வந்து போடலாம். பேஸ்பாலில் வெளியே போய் உட்கார்ந்தவன் போனவன்தான், அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர வழியில்லை. ஆனால் ஒரு சலுகை உண்டு. பிட்சரை வெளியே அனுப்பாமல் உள்ளேயே வேறு இடத்தில் நிறுத்திவைத்தால் பிறகு திரும்ப எறிய வைக்கலாம். சாருக்கு இரண்டுமே தெரியாது. சாரின் அறியாமையை வருஷம் முழுக்கத் திட்டித் தீர்த்த வல்லரசு, அன்றைக்கு அதற்கு மனதுக்குள் கும்பிடு போட்டான்.

ஆனால் சேரனுக்கு இரண்டுமே தெரியும். அலெக்ஸ் உள்ளே வருவதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "அண்ணா, ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்க வை. சும்மா நின்னுக்கினு இருக்கேன். கையே தூக்க மாட்டேன்."

நடுவர் கேட்டார். "இவன் பேஸுக்கா, வெளியவா?"

சேரன் வல்லரசையே பார்த்தான். பேஸில் நிறுத்தினால் கடைசி இன்னிங்ஸில் சார் கூப்பிடுவார், இவன் ஓடி வருவான், நாமும் விரலைக் காட்டுவோம். தன்னைப் பற்றி வல்லரசுக்கு இப்போது நன்றாகவே தெரிந்திருந்தது.

"வெளிய" என்றான்.

சேரன் பந்தைக் கையில் தரவில்லை. மண்ணில் வைத்துவிட்டுப் போனான்.

அலெக்ஸின் யோக்கியமான பந்துகளை விழுப்புரத்துப் பையன்கள் யோக்கியமாக அடித்தார்கள். கடைசி இன்னிங்ஸில் முன்னிலை ஒரே ஒரு ரன்னாகக் குறைந்தபோது சார் எழுந்து சேரனைக் கூப்பிட்டார். நடுவர் வந்து விதியைச் சொன்னார்.  சார் வல்லரசின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"தெரியும் சார்."

தோற்றுப்போனார்கள். செலக்டர்களின் கார் அதற்கு முன்பே போயிருந்தது. சேரனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. திண்டிவனம் வரை பஸ்ஸில் ஒருவரும் வல்லரசோடு பேசவில்லை, கிட் பை மட்டும்தான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. இறங்கும்போது சேரன் இடதுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அறுந்து போயிருக்கும்டா" என்றான் வல்லரசு.

"அறுந்தா என் கைதானே அறுவும். உன்னை யாரு கேட்டது?"

மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்தது. வல்லரசு அப்பாவோடு நிலத்தில் நின்றான். போலீஸ் கனவு போனது வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் செடியை உதறும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வான். கையைக் காப்பாற்றிவிட்டோம். அவன் திட்டினாலும் திட்டிவிட்டுப் போகட்டும், கை இருக்கிறது. அந்த ஒரு நினைப்பில்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கியது.

ஒரு சாயங்காலம் வரப்போரம் சைக்கிள் வந்து நின்றது. சேரன். தோளில் பழைய பை.

"பாண்டிச்சேரில ஒரு கிளப்புல வரச் சொல்லிருக்காங்கண்ணா. அன்னைக்கு ஆட்டத்தைப் பாத்த ஒருத்தரு பேரு குடுத்தாராம். பள்ளத்தைத்தான் காட்டச் சொல்றாங்க."

"டாக்டர் சொன்ன ரெண்டு மாசம் முடியலையேடா."

"வலி இல்லண்ணா இப்ப." கையை நீட்டிக் காட்டினான். முழுக்க நீளவில்லை. "புடிக்கத்தான் ஆளு இல்ல. அலெக்ஸ் மூஞ்சில வாங்கிக்கினு ஓடிட்டான். நீ புடிச்சா சீக்கிரம் ரெடியாயிடுவேன்."

"நான் வர்ல."

"அப்ப செவுத்துல எறிஞ்சிக்கிறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பினான்.  சுவர் பந்தைத் திருப்பிக் கொடுக்கும், போதும் என்று சொல்லாது. சட்டைக் கையை இழுத்துவிடுவதைப் பார்க்காது.

"இரு" என்றான்.

பெருமுக்கல் மலையடிவாரத்தில் அறுவடை முடிந்த கொல்லை ஒன்று தரிசாகக் கிடந்தது. வல்லரசு கிளவுஸை மாட்டிக்கொண்டு குந்தினான். ஒரு விரலைக் காட்டினான். சேரன் தலையாட்டி மறுத்தான். மூன்று விரலைக் காட்டினான். அதற்கும் மறுத்தான். வல்லரசு விரல்களை மடக்கிக்கொண்டான். எத்தனை நேரமானாலும் இன்னொன்றைக் காட்டப்போவதில்லை என்று கையை இறுக்கி வைத்துக்கொண்டு அவனையே பார்த்தான்.

சேரன் காத்திருக்கவில்லை. காலைத் தூக்கினான், முழங்கை மடங்கியது, மணிக்கட்டு திரும்பியது. பந்து நெஞ்சுயரத்தில் வந்துகொண்டிருக்கும்போதே வல்லரசின் கிளவுஸ், அவனைக் கேட்காமலேயே, அது இறங்கப்போகிற இடத்துக்குத் தாழ்ந்து போய்க் காத்திருந்தது.