வீட்டுக்குள் நடந்த நடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் செருப்பு ஸ்டாண்டில் கிடைத்தது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் எதிர்வீட்டு வாசலில், மற்றச் செருப்புகளுக்கு நடுவே, தடித்த அடியோடு கறுப்பாக ஓர் ஒற்றைச் செருப்பு. பார்த்ததும் எழுதினேன்: ‘வலியின் கனத்தைச் சுமந்தபடி அந்தச் செருப்பு...’ சீ, அடித்துவிட்டேன். செருப்பு என்னத்தைச் சுமக்கும்?

2

செருப்புக்குச் சொந்தக்காரர் கோவிந்தப்பா. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதி. வலது கால் பெருவிரலுக்குக் கீழே எட்டு மாதமாக ஆறாத புண். பாதம் மரத்துப்போனதால் வலியே கிடையாது. (வலிக்காத புண்ணை வைத்து எப்படி உருக்கமாக எழுதுவது? என் கஷ்டம் எனக்கு.) உடம்பின் பாரம் புண்ணில் விழாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த செருப்பு அது. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

3

ஒரு சனிக்கிழமை அவரோடு நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். (கதைக்காகத்தான். அக்கறை என்று எழுதினால் அவரே சிரிப்பார்.) கட்டுப் போடும் சுனிதா சிஸ்டர், காகித ஸ்கேலால் புண்ணை அளந்தார். இரண்டு சென்டிமீட்டர். போன மாதமும் அதேதான்.

“செருப்ப எப்பவும் போட்டுக்கிறீங்களாண்ணா?”

“சத்தியமா சிஸ்டர். கழட்டறதே இல்ல.”

எனக்கு வாய் சும்மா இருக்காதே. “தெனம் வாசல்லதான கெடக்குது?”

“அது வீட்டுக்கு வந்தப்புறம் சார்!”

சுனிதா நிமிர்ந்தார். “வீட்டுக்குள்ள போடறதில்லியா?”

“வீட்டுக்குள்ள யாராச்சும் செருப்பு போடுவாங்களா சிஸ்டர்? சாமி படம் இருக்குது!”

மனிதர் பொய் சொல்லவில்லை. அடுப்படிக்கும் குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் நடப்பதை அவர் நடையென்றே நினைத்ததில்லை. சுனிதா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

4

மனைவி முத்தம்மா முதலில், “ஐயோ, வீட்டுக்குள்ள செருப்பா? ஆகவே ஆகாது” என்றார். இரண்டு நாள் கழித்து அவரே வழி கண்டுபிடித்தார்: வீட்டுக்குள் மட்டும் போட, தெருவையே மிதிக்காத, அதே மாதிரி இன்னொரு செருப்பு. வந்த அன்றே அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். (எலுமிச்சம்பழம் நசுக்காததுதான் பாக்கி.)

நாலாவது வாரம் ஸ்கேல் எட்டு மில்லிமீட்டர் காட்டியது. டாக்டர் விரல் பேச்சையே எடுக்கவில்லை.

5

முதல் முடிவு: விரலை எடுத்துவிடுகிறார்கள். சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று எனக்கொரு நப்பாசை. படித்துக்காட்டினேன். கோவிந்தப்பாவுக்கு வந்ததே கோபம்.

“டாக்டரே விட்டுட்டாரு. நீங்க ஏன் சார் வெட்டறீங்க?”

கிழித்துப்போட்டேன்.

இரண்டாம் முடிவு: புண் மூடியது, சுபம். பத்தாவது வாரம் நிஜமாகவே மூடியது. எனக்கு அத்தனை சந்தோஷம், ஏதோ நானே ஆற்றியது மாதிரி. சுனிதா அதற்கும் விடவில்லை.

“மூடிச்சுன்னா முடிஞ்சுதுன்னு எழுதாதீங்க சார். கவனிக்கலன்னா அதே எடத்துல மறுபடி வரும். செருப்பு ஆயுசுக்கும்.”

ஆக, முடிவு என் கையில் இல்லை.

6

இப்போது அவர் மகள் ரக்ஷிதாவுக்குக் கல்யாணம். கோவிந்தப்பா மஞ்சள் பையோடு வீடுவீடாகப் பத்திரிகை வைக்கப் போகிறார். காலில் கறுப்புச் செருப்பு. யார் வாசலிலும் தன் புண்ணைப் பற்றிச் சொல்ல மாட்டார், கூச்சம். கழற்றச் சொன்னால் கழற்றியும் விடுவார், அவ்வளவு மரியாதைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மணி அடிக்கிறது. கதவைத் திறக்கிறீர்கள். பழக்கதோஷத்தில் உங்கள் கை ஸ்டாண்டைக் காட்டுகிறது.

“வாங்க வாங்க, செருப்ப...”

மீதியை நீங்கள் சொல்லுங்கள்.