ஹேண்ட்பிரேக் போடாத ஒர்க்ஷாப்

நாத்தனார் ஒர்க்ஷாப்புக்குள் நுழையும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கார்ச் சாவியை மேஜையில் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்வது, எறிந்தார் என்பதுதான் உண்மை.

"இந்தா, உன் அலாரத்தை நீயே வச்சுக்க. நான் பஸ்ல போய்க்கறேன்."

சோல்டரிங் கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள் கரண்டு. அந்த ஒர்க்ஷாப்பில் ஒயர் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் அவளுடையது என்பதால் வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் அது. எஞ்சின் வேலை புருஷனுடையது. அவனுக்கு டர்போ என்று பெயர், ஏனென்றால் எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து டர்போவில் கொண்டுவந்து நிறுத்துவான். நாத்தனார் அவனுடைய அக்கா, பிரசவ நர்ஸ். பிள்ளை பெற்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், பிறந்த குழந்தைகளை எடை போடுவதும் அவர் வேலை.

"மறுபடியும் கத்திச்சா அண்ணி?"

"கத்திச்சாவா? ஊரையே கூட்டிச்சு. காலையில ரெண்டு வீடு. ரெண்டுலயும் அப்பத்தான் கண்ணசந்த குழந்தை."

கதை இதுதான். போன வருஷம் நாத்தனாரின் காரில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ எரிந்துபோனது. அவருக்கு எப்போதும் அவசரம். வேகமாக வருவார், நிறுத்துவார், அடுத்த நொடி எஞ்சினை அணைத்துவிட்டு ஓடுவார். கொதிக்கக் கொதிக்க அணைத்தால் எந்த டர்போ தாங்கும்? புதியது போட்ட தம்பி, கூடவே ஒரு டைமரையும் மாட்டிவிட்டான். சாவியை எடுத்தாலும் எஞ்சின் தானாக ஓடி, சூடு ஆறியதும் தானே நிற்கும். வண்டி எவ்வளவு உழைத்ததோ அதற்குத் தகுந்தபடி அது நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதன் பிறகு போன மாதம் எவனோ காரிலிருந்து எடை மெஷினைப் பையோடு தூக்கிக்கொண்டு போனான். அலாரம் இல்லாத வண்டியில் இனி மெஷின் வைக்கக் கூடாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அலாரத்தைக் கரண்டு பொருத்திக் கொடுத்தாள். அன்று பிடித்தது சனி.

நாத்தனார் காரைப் பூட்டுவார். அலாரம் சமர்த்தாக 'பீப்' என்று சொல்லும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போவார். சரியாகக் கதவைத் தட்டும் நேரத்தில் பின்னாலிருந்து சைரன் அலறும்.

ஒர்க்ஷாப்பிலோ அது வாயே திறக்காது. கரண்டு மூன்று முறை பார்த்துவிட்டாள். ஓட்டிக்கொண்டு வந்தும் பார்த்தாள். சாவியை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடும், பூட்டினால் பீப், அப்புறம் மயான அமைதி. டைமர் ஏன் ஓடவில்லை என்று ஒருதரம் கேட்டதற்கு, "ரெண்டு தெரு சுத்தின வண்டிக்கு என்ன சூடு இருக்கும்? அதுக்கே தெரியும், கணக்குப் போட்டு நின்னுக்கும்" என்று பெருமையாகச் சொன்னான் டர்போ.

"இது உன் அலாரத்தோட கோளாறுதான்" என்றான் இப்போதும், ஒரு வண்டிக்கு அடியிலிருந்து.

"உங்க டைமரைக் கழட்டிட்டுப் பேசுங்க" என்றாள் கரண்டு.

"டைமரைத் தொட்டே, அப்புறம் நடக்கறதே வேற."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றார் நாத்தனார். அதட்டத்தான் ஆரம்பித்தார், ஆனால் பாதியிலேயே ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு நாலு மணிக்கு ரெட்டைக் குழந்தை வீடு. அந்த அம்மா ஆபீசுக்குப் போன் போட்டுட்டாங்க. இன்னொரு தரம் வண்டி கத்தினா வேற நர்ஸை அனுப்புங்கன்னு. எங்க மேடமும் சரின்னுட்டாங்க."

கரண்டுவுக்கு அந்த இரட்டையரைத் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் இரண்டு மாதமாக இவர் வாயால் கேட்டுக்கேட்டுத் தெரியும். நாள் முந்திப் பிறந்தவர்கள். முதலில் கையில் வாங்கியது நாத்தனார். பெரியவன் தேறிவிட்டான். சின்னவள்தான் இழுத்துக்கொண்டே இருந்தாள். முந்தாநாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது கிராம்.

"ரெண்டு கிலோவைத் தொட்டுட்டா அப்புறம் கவலையில்லை. அந்த முள்ளு ரெண்டைத் தாண்டறதை நான் பார்க்கணும். வேற எவளோ பார்த்து எழுதிட்டுப் போறதா?"

கரண்டுவுக்குச் சுருக்கென்றது. தன் கைவேலையால் ஒருத்தரின் ஆசை மண்ணாகப் போகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வாங்க அண்ணி. நானும் வரேன். நீங்க எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. நான் சும்மா பக்கத்துல உக்கார்ந்து பார்க்கறேன்."

காரின் சக்கரத்துக்கு முன்னால் கிடந்த மரக்கட்டையைக் காலால் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டாள். அவர்கள் ஒர்க்ஷாப்பில் யாரும் ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. இடமோ கையகலம், எந்த நேரமும் ஏதாவது ஒரு வண்டியைத் தள்ளி இன்னொன்றுக்கு வழிவிட வேண்டும். பூட்டிய வண்டியில் பிரேக் இறுகிக் கிடந்தால் அன்றைய வேலையே நாறிவிடும். அதனால் சக்கரத்துக்குக் கட்டைதான். 'ஹேண்ட்பிரேக் போட்டவருக்கு டீ கிடையாது' என்று சுவரில் பெயின்டால் எழுதியே வைத்திருந்தான் டர்போ.

நாத்தனார் ஓட்டும்போது கரண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டில் ஏறுவதும் வளைவில் திரும்புவதும் ஒரே வேகத்தில்தான். ரேடியோவில் பாட்டு வேறு. குழந்தை வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், சரிவான ஒரு தெருவில் பூட்டுக்கடை ஒன்றின் எதிரே நிறுத்தினார்.

"இங்கயே சோதிச்சுக்க. போன வாரம் குழந்தைங்க முழிச்சுக்கக் கூடாதேன்னு இங்க நிறுத்திட்டு நடந்தே போனேன். அந்தக் கடைக்காரர் பாதித் தூரம் என்னைத் துரத்திட்டு வந்தார்."

சொல்லிக்கொண்டே, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை வலித்து இழுத்தார். சாவியை உருவினார். பாட்டு நின்றது. எஞ்சின் நிற்கவில்லை.

கரண்டுவுக்குப் பொறி தட்டியது. ஒன்றல்ல, இரண்டு.

"அண்ணி, பிரேக்கை எப்பவும் இப்படித்தான் இழுப்பீங்களா?"

"பின்னே? சரிவுல நிறுத்தறேன். பிரசவ நர்ஸ் வண்டியே ஆள் மேல ஏறலாமா?"

"பிரேக்கை இப்ப விடுங்க. கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு."

நாத்தனார் விட்டார். எஞ்சின் கப்பென்று அணைந்தது.

கரண்டு தலையில் அடித்துக்கொண்டாள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் டைமர் எஞ்சினை ஓடவிடும். ஆளில்லாத வண்டி நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு பாதுகாப்பு. பிரேக்கே போடாத ஒர்க்ஷாப்பில் டைமர் எப்படி ஓடும்? டைமர் ஓடாத வண்டியில் அலாரம் எதற்குக் கத்தும்? சூடு ஆறிவிட்டதாம், கணக்குப் போட்டு நின்றதாம்! இத்தனை நாளாக இரண்டு நிபுணர்களும் நாத்தனாருக்கு ரிமோட்டை அமுக்கத் தெரியவில்லை என்று தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு எங்க மேலதான் அண்ணி" என்றாள் அசடு வழிய. "பூட்டி அரை நிமிஷம் கழிச்சு அலாரம் ஒருதரம் ஒயரை எல்லாம் பார்க்கும். சாவி இல்லை, ஆனா எஞ்சினுக்குக் கரண்டு போகுது. திருடன் வண்டியைக் கிளப்பிட்டான்னு அது நினைச்சுக்குது."

"அப்ப பிரேக் போடாம விட்டா சரியாப் போயிடுமா?"

"போயிடும். வண்டி உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள போயிடும்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல்முறையாகச் சிரித்தார். மணி மூன்று இருபது.

கரண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்தாள். கால்கள் இரண்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தட்டிய இரண்டாவது பொறி ரேடியோ. சாவியை எடுத்ததும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு நின்றதே! அப்படியென்றால் ரேடியோ ஒயருக்கு டைமர் கரண்டு கொடுப்பதில்லை. சாவி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அலாரம் கேட்க வேண்டியது அதன் பேச்சைத்தான்.

ரேடியோவுக்குப் பின்னால் போகும் ஒயரில் டெஸ்ட் லைட்டை வைத்தாள். "சாவி போடுங்க." விளக்கு எரிந்தது. "எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டு, பிரேக்கை இழுத்துட்டு, சாவியை எடுங்க." எஞ்சின் ஓடியது, விளக்கு அணைந்தது.

"வாடா ராஜா" என்றாள் கரண்டு அந்த ஒயரிடம்.

எஞ்சின் ஒயரோடு சேர்ந்திருந்த அலாரத்தின் ஒயரை அங்கேயே வெட்டி, முனைக்கு டேப் சுற்றி, ரேடியோ ஒயரோடு சேர்த்து சோல்டர் வைத்தாள். பூட்டினார்கள். பீப். கரண்டு நொடிகளை எண்ணினாள். முப்பதைத் தாண்டியது, அலாரம் கத்தவில்லை. நாற்பதில் கத்தியது.

பூட்டுக்கடைக்காரர் வெளியே வந்தார். "ஏம்மா, நான் கடை நடத்தறதா வேண்டாமா?"

"அஞ்சே நிமிஷம் அண்ணே!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் உள்ளே புகுந்தாள். இந்தமுறை குற்றவாளி அதிர்ச்சி சென்சார். டீசல் எஞ்சின் ஓடும் ஆட்டத்தை அது ஆள் தட்டுவதாக எடுத்துக்கொண்டது. விரல் பட்டாலே கத்தட்டும் என்று அன்று ரோஷமாக முறுக்கி வைத்தது அவளேதான். சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள்.

மறுபடி பூட்டினார்கள். அரை நிமிஷம் போனது, ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷ முடிவில் எஞ்சின் தானே அடங்கியது. அலாரம் மூச்சுவிடவில்லை. கரண்டு பானெட்டை உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். உடனே சைரன் அலறியது.

"திருடன் வந்தாலும் கத்தும்" என்றாள் திருப்தியாக. பூட்டுக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது இரட்டையர் வீட்டு வாசலில் கார் நின்றது. நாத்தனார் பிரேக்கை இழுத்தார், சாவியை எடுத்தார், எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு பூட்டினார். பீப். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, படியேறியவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, தட்டாமல் திரும்பிப் பார்த்தார். கரண்டு காருக்குப் பக்கத்தில் நொடிகளை எண்ணிக்கொண்டு நின்றாள். முப்பது. நாற்பது. அறுபது. நாத்தனார் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த அம்மா முதலில் காரைத்தான் பார்த்தாள், பிறகு நர்ஸைப் பார்த்தாள், வழிவிட்டாள்.

எஞ்சின் அடங்கியது. தெரு அமைதியாக இருந்தது. கரண்டு மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இப்போது அலாரம் மறந்துபோயிருந்தது. அந்த முள் மட்டும்தான் நினைப்பில் இருந்தது.

திடீரென்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல் கிளம்பியது. துணியை அவிழ்த்து மெஷினில் கிடத்தினால் எந்தக் குழந்தைதான் சும்மா இருக்கும்? குச்சிபோல் மெலிந்த குரலாக இருக்கும் என்று கரண்டு நினைத்திருந்தாள். இதுவோ அவள் பொருத்திய சைரனையே தோற்கடிக்கும் போலிருந்தது.

ஜன்னல் திறந்தது. நாத்தனார் தலையை நீட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. இரண்டு விரலைக் காட்டினார். பிறகு, போதாது என்பதுபோல், கையைக் கொஞ்சம் மேலே தூக்கியும் காட்டினார்.

கரண்டுவுக்கு வந்த சந்தோஷத்தில் கை தானாக உயர்ந்து பானெட்டை நோக்கி இறங்கியது. ஒரு சாண் உயரத்தில் நினைவு வந்து, அப்படியே நின்றது. மாடியில் நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, பிரசவ அறையில்கூட அவர் முகத்தில் வந்திருக்காத பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டு அந்தக் கையை மெல்ல விலக்கி, தன் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டாள்.