தொண்ணூற்றிரண்டு குதிரைகள்

ஒன்றிய உதவிப் பொறியாளர் ஓம்பிரகாஷ் வேலையைப் பார்க்க வருகிறார் என்றால் ஒப்பந்ததாரர்கள் பில்லை எடுத்து இன்னொரு தடவை கூட்டிப் பார்ப்பார்கள். சிமென்ட் மூட்டைக்கு மூன்று ரூபாய் கூடப் போட்டிருந்தாலும் பில் திரும்பி வந்துவிடும். ரோட்டில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியில் ஒன்றை எடுத்து, சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை உருவி அளந்து பார்த்து, “இது இருபது எம்எம் இல்லீங்க, இருபத்தி ரெண்டு” என்பார். லஞ்சம் வாங்க மாட்டார். டீ கூட அவர் காசில்தான் குடிப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பழைய காரின் எஞ்சினுக்கு ஒன்பது லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் செலவு செய்தார் என்ற சேதியை, மலைமேல் அவர் ஆபீஸ் இருக்கும் செம்மேட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கார் அவருடைய மாமனாருடையது. எழுபத்து நான்காம் வருஷத்து ஃபியட். ராசிபுரத்தில் அந்தப் பெரியவர் முப்பது வருஷம் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டார். பின்சீட்டில் கோழி முட்டையிட ஆரம்பித்திருந்தது. புதிதாக வாங்கிய கறவை மாட்டைக் கட்ட இடம் தேவைப்பட்டபோது அவர் மருமகனுக்குப் போன் செய்தார். “மாப்ள, எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல இரும்புக்குப் போட்டுறட்டுங்களா?”

ஓம்பிரகாஷ் எடுத்துக்கொண்டு வந்தார். கழுவி, தகரம் தட்டி, தந்த நிறத்தில் பெயின்ட் அடித்தார். காரும் ஒழுங்காகத்தான் ஓடியது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறிவிடும். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் போதும். அவர் மனைவி கோகிலா, மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. தினமும் காலையில் அவளை இறக்கிவிட்டு ஆபீஸ் போவார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்ததுதான் வினை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அதில் ஒரு வீடியோ போட்டிருந்தார். இதே கார், இதே வருஷம், பைபாஸில் நூற்று முப்பதில் போகிறது. ஓம்பிரகாஷ் அதை எத்தனை முறை பார்த்தார் என்பது அவருக்கும் அந்தப் போனுக்கும்தான் தெரியும். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுச் சேலத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கே சதீஷ்குமார் என்று ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்கும். அவர் ஒர்க்‌ஷாப்பில் தரையில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது. காபி மெஷின் இருந்தது.

“நான் மெக்கானிக் இல்லீங்ணா. எஞ்சின் பில்டர்” என்றார் சதீஷ்குமார். “மெக்கானிக் கெட்டுப்போனதைச் சரி பண்ணுவான். நான் நல்லா இருக்கறதை எடுத்துப் பண்ணுவேன்.”

இவ்வளவு பச்சையாக அவர் சொல்லியும் ஓம்பிரகாஷுக்கு உறைக்கவில்லை. “எவ்வளவு ஆகுங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு லட்சத்துக்குள்ள முடிச்சிரலாங்ணா.”

ஓம்பிரகாஷ் வீட்டில் ஒன்றரை என்று சொன்னார். பின்னால் சொன்ன பொய்களோடு பார்த்தால் அந்த அரை லட்சம் ஒன்றுமே இல்லை.

வாரத்துக்கு ஒரு போன் வந்தது. “பிஸ்டன் இத்தாலில இருந்து வந்துருச்சுங்ணா. கையில வெச்சுப் பார்த்தா நகையாட்டம் இருக்குது.” விலையும் நகையாட்டம்தான் இருந்தது. அடுத்த வாரம் கேம் ஷாஃப்ட். அதற்கடுத்த வாரம் ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. சக்தி கூடினால் பழைய கிளட்ச் தாங்காது என்றார் சதீஷ்குமார். கிளட்ச் மாற்றினார்கள். கிளட்ச் நன்றாகப் பிடித்தால் கியர்பாக்ஸ் தாங்காது என்றார். அதையும் மாற்றினார்கள். இவ்வளவு செய்துவிட்டு கார் இத்தனை உயரத்தில் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று மூன்று அங்குலம் தாழ்த்தினார்கள்.

‘கூடுதல் பணி’ என்று ஒப்பந்ததாரர் வாயைத் திறந்தாலே பேனாவை மூடிவிடுகிற ஓம்பிரகாஷ், ஒவ்வொரு போனுக்கும் “சரி, பண்ணுங்க” என்றார். ஒரே ஒரு தடவை, “ஒரு எஸ்டிமேட் மாதிரி எழுதிக் குடுத்தீங்கன்னா…” என்று இழுத்தார்.

போனில் சதீஷ்குமாரின் குரல் வாடிப்போயிற்று. “அண்ணா, இது ரோடு இல்லீங்ணா.”

ஓம்பிரகாஷுக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோகிலா கேட்டாள். “ஏனுங்க, பவானில நம்ம ஊட்டு வேலை பேஸ்மட்டத்தோட நின்னு போச்சாமா? மேஸ்திரி எனக்குப் போன் பண்றாரு.”

“மழை முடியட்டும்னு சொல்லியிருக்கறேன்.”

“மழை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சுங்க.”

ஓம்பிரகாஷ் ரசத்தை ஊற்றிக்கொண்டார். கோகிலா அடுத்த கேள்வியைக் கேட்டாள். “அந்தப் பணம் சேலத்துக்குப் போயிருச்சா?”

“கொஞ்சம் போயிருக்குது, கண்ணு.”

“கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்களா?”

“இல்ல.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் பிறகு நினைத்துக்கொண்டார். அவள் கணக்கு டீச்சர். “காருக்கு முன்னாடி எத்தனை குதிரை சக்தி?” என்று கேட்டாள்.

“நாப்பது.”

“இப்ப?”

“தொண்ணூத்தி ரெண்டு வருமாம்!” அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை ஏறியது.

“அப்ப அம்பத்தி ரெண்டு குதிரை வாங்கியிருக்கறீங்க. நெசமான குதிரையா வாங்கியிருந்தா எம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களாச்சும் ஏறி விளையாடியிருக்கும்.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நான் இனிமேல் பஸ்லயே போயிக்கறனுங்க.”

ஏழாம் மாதம் எஞ்சின் தயாரானது. ஒரு மெஷினில் காரை ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள். திரையில் தொண்ணூற்றிரண்டு என்று வந்தபோது ஓம்பிரகாஷின் கண் கலங்கிவிட்டது. சதீஷ்குமார் கேக் வெட்டினார். அதுவும் பில்லில் இருந்தது.

“ரெண்டு விஷயங்ணா” என்றார் சாவியைக் கொடுக்கும்போது. “சாதா பெட்ரோல் ஊத்தக் கூடாது. அந்த விலை கூடின பெட்ரோல்தான். அப்புறம், எஞ்சின் நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐநூறு சுத்துக்கு மேல போனாத்தான் சக்தி வரும்.”

“அதுக்குக் கீழ?”

“அதுக்குக் கீழ கொஞ்சம் பொறுமையா இருக்கோணுங்ணா.”

தான் குடியிருப்பது எழுபது வளைவுகளுக்கு மேலே என்பது அந்த நேரத்தில் ஓம்பிரகாஷுக்கு ஞாபகம் வரவில்லை. காரை எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று சதீஷ்குமாரும் ஏழு மாதத்தில் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் காபி மெஷின் வாங்க முடியாது.

சேலத்திலிருந்து அடிவாரம் வரை கார் பறந்தது. காரவள்ளி தாண்டி முதல் வளைவு வந்தது. முதல் கியர் போட்டார். எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. மறுபடி கிளப்பி, அது கேட்கிற சுற்றுக்கு முறுக்கி, கிளட்சை விட்டார். கார் தவளை போல ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. பிரேக். மறுபடி இருமல், முறுக்கல், பாய்ச்சல். இருபதாவது வளைவில் கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. இருபத்தைந்தில் முன்னால் ஒரு அரசு பஸ் சேர்ந்துகொண்டது. அது தன் பாட்டுக்கு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. கடைசி சீட்டில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து, பின்னால் உறுமுகிற காரை வேடிக்கை பார்த்தார்கள்.

நாற்பத்து மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து, கார் நின்றுவிட்டது. குரங்கு ஒன்று பானட் மேல் குதித்தது. சூடு பட்டதும் கிறீச்சிட்டுக்கொண்டு மரத்துக்கே திரும்பிவிட்டது.

அரை மணி கழித்து ஒரு ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் செங்கோடன். தேவனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் மிளகை விற்றுவிட்டு, காலிச் சாக்குகளையும் எட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். ரோடு கேட்டுப் பல முறை ஆபீசுக்கு வந்தவர் என்பதால் ஓம்பிரகாஷை அவருக்குத் தெரியும்.

“ஏனுங்க சார், எஞ்சின் போயிருச்சுங்களா?”

“எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லீங்க. ரொம்ப நல்லா இருக்குது.”

“அப்புறம் ஏனுங்க நிக்குது?”

“இது வேகத்துக்குன்னே செஞ்ச எஞ்சினுங்க. மெதுவாப் போனா சூடாயிரும்.”

செங்கோடன் மேலே வளைந்து போகும் ரோட்டைப் பார்த்தார். கீழே வளைந்து வந்த ரோட்டையும் பார்த்தார். “இங்கீங்களா சாமி?” என்றார்.

கயிறு கட்டினார்கள். மீதி இருபத்தேழு வளைவுகளும் ஜீப் இழுத்தது. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வழி நெடுக ஓம்பிரகாஷைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வேறு பக்கம் பார்க்க அவர்களுக்கும் இடமில்லை. நடுவில் நிறுத்தியபோது ஒரு பெண்மணி இறங்கி வந்து கார் ஜன்னல் வழியே பலாச்சுளை கொடுத்தார். ஓம்பிரகாஷ் வாங்கித் தின்றார்.

சோளக்காட்டில் கயிற்றை அவிழ்க்கும்போது, மனசு கேட்காமல் ஓம்பிரகாஷ் கேட்டார். “உங்க ஜீப்பு எஞ்சினுக்கு எவ்வளவு செலவாச்சு?”

“போன தையில பார்த்தனுங்க. பதினெட்டாயிரம்.” செங்கோடன் குரலைத் தாழ்த்தினார். “மெக்கானிக் என்னைய நல்லா ஏமாத்திப்போட்டானுங்க சார்.”

இதோடு விட்டிருந்தால் ஓம்பிரகாஷ் பிழைத்திருப்பார். அவர் பெரிய ரேடியேட்டரும் மின்விசிறியும் வாங்கி மாட்டினார். வளைவே இல்லாத ரோடு எங்கே இருக்கிறது என்று தேடினார். மலை முழுக்க அவர் அளக்காத ரோடு இல்லை. ஆகவே சீக்கிரமே கிடைத்துவிட்டது. கோகிலாவின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எண்ணூறு மீட்டர் நேர் ரோடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே நின்று போட்ட தார் ரோடு. மலையிலேயே அதுதான் நல்ல ரோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூட்டிப்போனார். இரண்டாம் கியர், மூன்றாம் கியர். முள் நாலாயிரத்து ஐநூறைத் தாண்டியது. எஞ்சின் குரலே மாறிவிட்டது. முதுகு சீட்டில் அழுந்தியது. சில்வர் ஓக் மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. ஓம்பிரகாஷ் வாய்விட்டுக் கூவினார். கோகிலாவின் முந்தானை பறந்து அவர் முகத்தில் விழுந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணம் வளைவு. பிரேக்.

“நல்லாத்தான் இருக்குதுங்க” என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி. “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

அந்த அரை நிமிஷத்துக்காக அவர் தினமும் காலையில் அங்கே போக ஆரம்பித்தார். அது மாசி மாதம். மிளகு பறிக்கும் காலம். அந்த ஊர்க்காரர்கள் நல்ல தார் ரோடாகப் பார்த்துத்தான் மிளகு காயவைப்பார்கள். கார் போன பிறகு மிளகு வேலியோரத்தில் கிடந்தது. பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைகள் சத்தம் கேட்டதும் ஓரத்து உண்ணிமுள் புதருக்குள் ஒதுங்கின. சின்னப் பெண் ஒருத்தி முழங்கையெல்லாம் கீறலோடு கோகிலாவின் வகுப்புக்கு வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்றிய ஆபீசில் மனு வாங்கும் நாள். மதியம் ஒரு மனு ஓம்பிரகாஷின் மேசைக்கு வந்தது. மேலே அதிகாரி சிவப்பு மையில், ‘உதவிப் பொறியாளர் – உடன் நடவடிக்கை’ என்று எழுதியிருந்தார். ‘எங்கள் ஊர்ச் சாலையில் பழைய கார் ஒன்று தினமும் காலையில் பெருஞ்சத்தத்துடன் கண்மூடித்தனமாக ஓட்டப்படுகிறது. பிள்ளைகளின் உயிருக்குப் பாதுகாப்பில்லை. வேகத்தடை அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம்.’ பிழையில்லாத, முத்து முத்தான கையெழுத்து. நாற்பத்து மூன்று பேர் கீழே கையொப்பம் போட்டிருந்தார்கள். இரண்டாவது கையொப்பம் செங்கோடனுடையது. முதலாவது, க. கோகிலா, பட்டதாரி ஆசிரியை.

வீட்டுக்கு வந்ததும், “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு” என்றார்.

“வாயில சொன்னதுக்கு இதுவரைக்கும் என்னங்க பண்ணுனீங்க?” வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டே அவள் சொன்னாள். “மனுவுக்குத்தான் நீங்க ஒழுங்கா பதில் போடுவீங்க.”

அவர் ஒழுங்காகத்தான் பதில் போட்டார். வேறெதுவும் அவருக்குத் தெரியாது. இடத்தைப் பார்வையிட்டு, ஐந்து வேகத்தடைகளுக்கு எஸ்டிமேட் தயாரித்தார். டேப்பின் மறுமுனையைச் செங்கோடன் பிடித்துக்கொண்டார். உயரம் பத்து சென்டிமீட்டர், விதிப்படி. தாழ்த்திய காருக்கும் தரைக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இல்லை என்பது டேப்பைப் பிடித்த இருவரில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைக்கவில்லை.

சித்திரையில் காரை விற்றார். வாங்க வந்தவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய எஞ்சின் இருந்தால் நாலு லட்சம் தருவேன், இது என்றால் இரண்டே கால் என்றார். பழைய எஞ்சின் எங்கே என்று சதீஷ்குமாருக்கே தெரியவில்லை. இரண்டே காலுக்கு முடிந்தது. அந்தப் பணம் நேராக பவானிக்குப் போனது. மேஸ்திரி ஜன்னல் மட்டம் வரை சுவரை எழுப்பிவிட்டு, மேற்கொண்டு பணம் கேட்டுப் போன் செய்துகொண்டிருக்கிறார். இப்போது அந்தப் போனைக் கோகிலாதான் எடுக்கிறாள். பாங்க் பாஸ்புக்கும் அவளிடம்தான்.

அந்த ஐந்து வேகத்தடைகளையும் தாண்டி கார் தானாக மலை இறங்காது என்பதால் லாரியில் ஏற்ற வேண்டியிருந்தது. அடிவாரத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க ஓம்பிரகாஷும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பள்ளிக்கூட ரோட்டில் லாரி ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டது. பின்னால் கார் சங்கிலியோடு முனகியது.

“இத்தனை நல்ல ரோட்டுல வரிசையா அஞ்சு!” டிரைவர் ஸ்டியரிங்கைக் குத்தினார். “எந்த மடையன் சார் இதைப் போட்டான்?”

ஓம்பிரகாஷ் ஜன்னல் வழியே பார்த்தார். ரோட்டோரம் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

“விதிப்படிதாங்க போட்டிருக்குது” என்றார்.