பீரோவை அளந்தவன்

எனக்கு இது சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகம். அண்ணனின் புருவம் கிழிந்து ரத்தம் மார்புவரை வழிந்தது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். என் நினைவில் அந்த முகம் துடைத்து வைத்ததுபோல இருக்கிறது. ஆகவே நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

அண்ணனும் நானும் ஐஸ் தொழிற்சாலையில் சுமை தூக்கினோம். நான் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் கட்டியை அவன் இடுக்கியால் கவ்வித் தோளில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறுவான். பீரோ என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஊரில் அவனைத் தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள் அக்கா. அவள் கட்டிக்கொள்ள விரும்பியவன் தையல் கடையில் துணி வெட்டுகிறவன். அவனுக்குப் பட்டப்பெயர் ஊசி. டயர் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் இருந்த குத்துச்சண்டை மன்றத்தில், அவன் எடைப் பிரிவில் யாரும் அவன் முகத்தைத் தொட்டதில்லை. அண்ணனும் அங்கேதான் பழகினான், பெரிய எடையில்.

"ஒரு அடி தாங்கமாட்டான். இவனா உன்னைத் தாங்கப்போறான்?" என்றான் அண்ணன் அக்காவிடம், சாப்பிட்ட கையைக் கழுவாமலே.

"தாங்கினா?"

அண்ணன் சிரித்தான். "மூணு ரவுண்டு. முடியறப்போ நின்னுக்கிட்டிருந்தான்னா கூட்டிட்டுப் போகட்டும். விழுந்தான்னா, நான் காட்டுற ஆளுக்கு நீ கழுத்தை நீட்டணும்."

"சரி," என்றாள் அக்கா. ஊசியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

ஒரு விடுமுறை நாளின் மதியம் அது நடந்தது. டயர் கடைக்காரர் நடுவர். மணி அடிப்பது நான். அக்கா முதல்முறையாக அந்தக் கொட்டகைக்குள் வந்து, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள்.

முதல் சுற்றில் அண்ணன் காற்றைத்தான் அடித்தான். ஊசி அவன் கைகளுக்குள் புகுந்து, குத்திவிட்டு, அவன் திரும்புவதற்குள் வெளியே வந்து நின்றான். இரண்டாவது சுற்றில் அளவெடுக்க ஆரம்பித்தான்.

"தோள்," என்று தோளில் ஒன்று. "கழுத்து," என்று தாடைக்குக் கீழே ஒன்று. "இடுப்பு... ஐயோ, டேப்பு பத்தலையே மச்சான்!"

"யாருக்குடா மச்சான்?"

"மூச்சை இழுங்க, பட்டன் தெறிச்சிடும்." வயிற்றில் ஒன்று.

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் மூக்கில் இன்னொன்று விழுந்தது.

மூன்றாவது சுற்றில் ஊசி சும்மா சுற்றி ஓடியிருந்தாலே போதும். நிற்பது மட்டும்தான் பந்தயம். ஆனால் நிற்பது அவனுக்குப் போதவில்லை. அண்ணனைக் கயிற்றோரம் நிறுத்தி, ஒரே புருவத்தில், ஒரே இடத்தில், மறுபடி மறுபடி குத்தினான். அண்ணனின் ஒரு கண் மூடிவிட்டது. கைகள் தொங்கின. வாயால் மூச்சு வாங்கினான்.

"விடு ஊசி, விடு!" என்று கூட்டம் கத்தியது. எங்கள் மன்றத்தில் விடு என்றால் குத்து விடு. வேறு பொருள் கிடையாது.

அக்கா எழுந்துவிட்டாள். அவளுக்கு மன்றத்தின் பேச்சு தெரியாது. அடிபடுகிறவன் அவள் அண்ணன்.

"விடுங்க!" என்று அலறினாள். "விடுங்க!"

அந்தக் குரல் கேட்டதும் ஊசியின் முகம் மலர்ந்தது. அதுவரை எட்டி நின்று குத்தியவன், அவளுக்காக நெருங்கிப் போய், காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் சேர்த்து ஒன்று விட்டான். அது தாடையில் சரியாக இறங்கியது. அதைவிட நல்ல குத்தை நான் பார்த்ததில்லை. அண்ணனின் தலை கொஞ்சம் திரும்பியது, அவ்வளவுதான். ஊசி ஊன்றிய காலை எடுப்பதற்குள், அண்ணன் பார்க்காமலே, ஐஸ் கட்டியைப் புரட்டுவதுபோலக் கையை வீசினான்.

ஊசி விழுந்தபோது அவன் பின்மண்டை தரைப்பலகையில் மோதிய சத்தம் வெளியே தெருவரை கேட்டதாம்.

டயர் கடைக்காரர் எண்ண ஆரம்பித்தார். அண்ணன் முழங்காலில் கையூன்றிக் குனிந்தான். "எழுந்திரு மாப்ளே. எழுந்து நில்லு, இவ உனக்குத்தான். கொஞ்சம் மெதுவா எண்ணுங்கண்ணே, மாப்பிள்ளை வராரு."

ஊசியின் காது வழியாக ஏதோ கசிந்தது.

"நான் நிறுத்தத்தானே சொன்னேன்," என்றாள் அக்கா என்னிடம். "நிறுத்தத்தானே சொன்னேன்."

அண்ணன் நிமிர்ந்தான். "நல்ல நேரத்துலதாம்மா நீ சொன்னே," என்றான்.

ஊசி பிழைத்துக்கொண்டான். வலது கை நடுங்குவதால் துணி வெட்ட முடியாது. அதே கடையில், தைத்து முடித்ததை மடித்து வைக்கிறான். பேசத் தொடங்கினால் சொல் வரும்வரை எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். அக்கா, அண்ணன் காட்டிய லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண் குழந்தைகள். அண்ணனுக்கு ஒரு கண் மங்கிவிட்டது. சுமை தூக்க அது தடையில்லை, இப்போது மேஸ்திரியும் ஆகிவிட்டான். டயர் கடைக்காரர் இறந்துபோனார். கொட்டகையில் அவர் மகன் டயர் அடுக்கியிருக்கிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.