பிரிக்காத போர்வை

ரிங்லெட் மலையூருக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்த அந்தக் கட்டுமான இடத்தில் காலை எட்டு மணிக்கும் எதிர்ச்சுவர் தெரியவில்லை. அவ்வளவு பனிமூட்டம். மேற்பார்வையாளன் குணாளன் சாரத்தின் இரும்புக் குழாயைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். கையெல்லாம் ஈரமானது. தோட்டத் தொழிலாளர்களுக்கான புதிய மாடிக் குடியிருப்பு அது. வேலை ஏற்கெனவே இரண்டு மாதம் பிந்திவிட்டது. கட்டடத்தின் பின்புறம், நாலடி தள்ளி, பழைய பலகை லயம். அதில் வரிசையாக எட்டு வீடுகள். புதியது முடியும்வரை குடும்பங்கள் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

முதல் மாடியின் பின்பக்கத்திலிருந்து வெல்டிங்காரர் வீரப்பன் குரல் கொடுத்தார்.

“குணா, ஸ்டோர்ல அந்த ஃபயர் பிளாங்கெட் இருக்குல்ல? எடுத்துக் குடு லா. இன்னிக்குக் கைப்பிடிக் கம்பி பூரா வெல்டிங். பொறி லயத்துப் பக்கமா பறக்குது, மறைப்பா கட்டணும்.”

“அது புதுசுண்ணே, இன்னும் பிரிக்கல. சேஃப்டி ஆபிசர் வந்தா காட்டணும்னு பாஸ் எடுத்து வைக்கச் சொன்னாரு.”

“ஏன், ஆபிசரா வந்து வெல்டிங் பண்ணப் போறாரு?”

குணாளன் சிரித்தான். “அதான் தோட்டத்து வலை கட்டியிருக்குல்ல. இந்தக் குளிர்ல துவைச்ச சட்டையே நாலு நாளா காயல. தீ எங்கண்ணே புடிக்கும்?”

மலையில் எல்லோரும் சொல்வதுதான். அதேபோல, மறைக்கவும் மூடவும் எது வேண்டுமானாலும் இங்கே ஒரே பொருள்தான்: திரிங்காப் பக்கத்துப் பூத்தோட்டங்கள் கழித்துப் போடும் கறுப்பு நிழல்வலையும் பிளாஸ்டிக் விரிப்பும். கோழிக்கூட்டுக்கும் அது, மோட்டார் சைக்கிளுக்கும் அது. கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பாஸ் அர்ஜுனன் ஒரு லோரி நிறைய ஏற்றிவந்து சாரத்தைச் சுற்றிக் கட்டவைத்திருந்தார். சாலையைப் பார்த்த முன்பக்கத்தில் மட்டும் தீப்பற்றாத பச்சை வலை. அதிகாரிகளின் வண்டி அந்தப் பக்கமாகத்தான் வரும்.

வீரப்பன் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

பத்து மணிக்குத் தேநீர் நேரம். எல்லோரும் சாலை வளைவுக் கடைக்கு இறங்கினார்கள். கட்டடத்தில் காவலுக்கு ஒருவரும் இல்லை. குணாளன் திரும்பிப் பார்த்தபோது அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ எழுந்துகொண்டிருந்தது. பனி ஏறுகிறது என்று நினைத்து இன்னொரு வாய் குடித்தான். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெள்ளையாக எழுவதெல்லாம் பனிதான். அது கறுத்த பிறகுதான் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினான்.

கட்டடத்தின் பின்பக்கக் கூரைக்கு அடியில் காய்ந்து கிடந்த அட்டைப் பெட்டிகளில் விழுந்த பொறி, அரைமணி நேரம் உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. பிறகு வலையைப் பிடித்தது. வலை எரிந்தது மட்டுமல்ல, உருகியது. எரிகிற சொட்டுகள் லயத்தின் பலகைச் சுவரில் விழுந்தன. கடைசி வீட்டில் பாஞ்சாலை இருந்தாள். கொழுந்து பறிப்பவள், மூட்டு ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தானாக எழுந்து நடக்க முடியாது.

குணாளன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வீரப்பன் சாரத்தில் ஏறி எரியும் வலையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார். கையுறையைத் தேநீருக்குப் போகும்போது கழற்றி வைத்திருந்தார். உருகிய பிளாஸ்டிக் விரல்களோடு ஒட்டிக்கொண்டது. அவர் விடவில்லை. வலை அறுந்து விழுந்ததால் தீ இரண்டு வீடுகளோடு நின்றது.

சாயங்காலம் அர்ஜுனன் தொலைபேசியில் அழைத்தார்.

“நாளைக்கு ஆபிசர் வராரு. அந்த பிளாங்கெட்டைப் பிரிச்சுப் பின்னால கட்டு. கொஞ்சம் கரி தேச்சு விடு. கட்டித்தான் வச்சிருந்தோம், அதையும் மீறிப் புடிச்சிருச்சுன்னு சொல்லு. ஒன் வேலையும் இதுலதான் இருக்கு, பாத்துக்க.”

“சரி பாஸ்,” என்றான் குணாளன்.

ஸ்டோரிலிருந்து பிளாங்கெட் பொட்டலத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் மண்டபத்தைக் கடந்தான். வீடிழந்தவர்களை அங்கேதான் தங்கவைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாஞ்சாலை கூப்பிட்டாள்.

“என்ன தம்பி அது?”

“தீப்புடிக்காத துணிக்கா.”

“இத்தன நாளு எங்க இருந்துச்சு?”

“ஸ்டோர்ல.”

“இப்ப எங்க கொண்டு போற?”

“பின்னால... கட்டணும்.”

“ஓ. எரிஞ்ச செவுத்துக்குக் குளிருதாக்கும்.”

குணாளன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“வீரப்பண்ணன் சம்சாரம் ஆஸ்பத்திரியிலேருந்து பேசுச்சு,” என்றாள் பாஞ்சாலை, முழங்காலைத் தடவியபடி. “வலது கை வெரலு மடக்க வருமா வராதான்னு இன்னும் சொல்ல முடியாதாம். வெல்டிங் புடிச்ச கை.”

குணாளன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரி ராதாகிருஷ்ணன் கரிந்த சுவரைச் சுற்றிப் பார்த்தார். அர்ஜுனன் கூடவே நடந்தார். குணாளன் இரண்டடி பின்னால்.

“வெல்டிங்குக்கு ஃபயர் பிளாங்கெட் வாங்கினீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“வாங்கினோம் சார், பில் இருக்கு,” என்றார் அர்ஜுனன்.

“எங்க கட்டியிருந்தீங்க?”

அர்ஜுனன் குணாளனைப் பார்த்தார். குணாளன் அவரைப் பார்க்கவில்லை. இரவு முழுக்கத் தூங்காத கண்கள் எரிந்தன.

“எங்கயும் கட்டல சார். பிரிக்கவே இல்ல, ஸ்டோர்ல இருக்கு. வீரப்பண்ணன் காலைல கேட்டாரு, நான்தான் குடுக்கல.”

அர்ஜுனன் இருமினார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

“ஏன் குடுக்கல?”

“நீங்க வந்தா காட்டறதுக்குன்னு வச்சிருந்தோம் சார். நீங்க மாசத்துக்கு ஒரு தடவை வருவீங்க. பொறி தெனமும் பறக்குது. காப்பாத்துறதுக்கு வாங்கின சாமான காட்டுறதுக்குன்னு எடுத்து வச்சா, அது இருந்தும் இல்லாததுதான் சார்.”