ஆண்டியப்பனாக இருந்த ஞாயிறுகள்

நுரைக்குள் புதைந்த அவருடைய தாடை என் இடது கையில் இருக்கிறது, ஈரமாக, நினைத்ததைவிடக் கனமாக, நாற்பத்தேழு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நான் இப்படி ஏந்திப் பார்த்திராத தாடை, வலது கையில் ஆண்டியப்பனுடைய சவரக்கத்தி விரிந்து நிற்கிறது, குரல்வளைக்கு ஒரு விரல் தூரத்தில், அவர் எச்சில் விழுங்கினால் அந்த முடிச்சு மேலே போய்க் கீழே வரும், அது நிலைக்கு வரும்வரை கை காத்திருக்க வேண்டும், எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாக நான் பழகிய காத்திருப்பு இது, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை முழுசாக என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பேசிக்கொண்டிருக்கிறார், என்னிடம் இல்லை, ஆண்டியப்பனிடம். என்னிடம் என் வீட்டுக்காரர் பேசி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

பேசாமல் இருப்பது என்றால் சும்மா இல்லை, அதை ஒரு வேலையாகவே செய்தார் மனுஷர், பசித்தால் சுவரைப் பார்த்து சோறு வைக்கலாம் என்பார், சட்டையில் பொத்தான் அறுந்தால் காலண்டரிடம் சொல்வார், காய்ச்சல் வந்தால் கொல்லையில் நிற்கிற முருங்கை மரத்துக்குத் தெரியப்படுத்துவார், நான் கேட்டுக்கொண்டு செய்து முடிப்பேன், நானும் லேசுப்பட்டவள் இல்லை, பால் தீர்ந்துவிட்டது என்று அடுப்பிடம் சொல்லிவிட்டு நகர்வேன், சாயங்காலம் பால் வந்திருக்கும், அப்படியே ஓடியது குடித்தனம், பக்கத்து வீட்டுக்காரிகூடக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி. வெளியிலோ ஊரெல்லாம் வாய் அவருக்கு, திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸில் ஒரு சீட்டு விடாமல் சிரிக்கவைத்துவிட்டு இறங்குகிற கண்டக்டர், கிழவிகளை ஏற்றிவிடும்போது என்ன கல்யாணப்பொண்ணே, மெதுவா என்பாராம், இதெல்லாம் பஸ்ஸில் போனவர்கள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் அவர் வாய் திறப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், ஆண்டியப்பன் தகரப்பெட்டியோடு வந்து பின்வராந்தாவில் உட்கார்ந்து கத்தியைத் தோல்வாரில் இழுக்கிற சத்தம் கேட்டதும் இவர் நாற்காலியில் சாய்ந்துவிடுவார், கத்தி கன்னத்தில் பட்ட கணம் பேச்சு தொடங்கும், டிப்போ கதை, தண்ணீர் வராத கதை, வயிற்றுக்கோளாறு, எல்லாம், நடுவில் ஒரு சிரிப்பு வரும், நான் அடுக்களையில் தேங்காய் துருவுவதை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். ஆண்டியப்பன் மேல் எனக்கு இருந்தது பொறாமை, வேறு பெயர் வைத்து அதை அழகாக்க நான் தயாராக இல்லை.

போன வருஷம் அவருக்கு மறதி வந்தது, முதலில் கண்ணாடியை வைத்த இடம் போயிற்று, அப்புறம் தெரு போயிற்று, ஒரு நாள் ஓசூரிலிருந்து வந்து முன்னால் நின்ற மகளைப் பார்த்து இந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று சுவரிடம் கேட்டார், அவள் கிணற்றடியில் போய் அழுதாள். என்னோடு பேசாமல் இருக்கிறோம் என்பதையும் மறந்துவிடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை, வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதற்காக சாமிக்கு ஒரு தேங்காய்கூட உடைத்தேன், ஆனால் எல்லாவற்றையும் மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை, என்னைப் பார்த்ததும் முகம் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும், காரணம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆண்டியப்பனுக்கு இடுப்பு ஒடிந்தது, மகன் வந்து திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறான் என்று கேள்விப்பட்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன், கத்தியைக் கேட்டேன். மதினி, பொம்பள கையில இதக் குடுக்கப்படாதும்பாவ என்று தயங்கினார், குடுக்காட்டா ஒங்க அண்ணாச்சி சாமியாராட்டம் அலைவாவ, கண்ணாடியப் பாத்து யாருடா இந்தக் கெழவன்னு சண்டைக்குப் போறாவ, அதப் பாக்க எனக்கு முடியல என்றேன், ஏன் பிளாஸ்டிக் ரேசர் இருக்கே என்றார், தட்டிவிட்டுட்டாவ என்றேன், சலூன்காரர் ஒருத்தரைக் கூட்டி வந்து, அவரையும் இவர் பிடித்துத் தள்ளியதைச் சொன்னேன். ஆண்டியப்பன் படுத்தபடியே கத்தியை எடுத்துக் கொடுத்தார், தோல இழுத்துப் பிடிக்கணும் மதினி, கத்தியப் படுக்கப் போடணும், நிமித்துனா அறுத்துரும், அவ்வளவுதான், மிச்சம் கைக்குத் தெரியும் என்றார்.

கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அறுபத்தாறு வயசில் நான் காய் நறுக்கியிருக்கிறேன், மீன் கழுவியிருக்கிறேன், மனுஷத் தோலின்மேல் இரும்பை வைத்ததில்லை, அதனால் தடியங்காயில் பழகினேன், வெள்ளைப் பூசணிக்கு நாங்கள் சொல்கிற பெயர் அது, பிஞ்சாக இருக்கும்போது அதன் மேல் நறுக்நறுக்கென்று சுனை இருக்கும், நாலு நாள் தாடி மாதிரியே குத்தும். அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு காய்க்கு சோப்பு நுரை தடவி, கத்தியைப் படுக்கப் போட்டு இழுத்தேன், முதல் காயில் தோல் பட்டையாக வந்துவிட்டது, இரண்டாவது காய் அங்கங்கே வெட்டுப்பட்டு நீர் கசிந்தது, ஐயோ உன் கழுத்துதான் இது என்று காயிடமே சொன்னேன், கெட்டுப்போன காயெல்லாம் கூட்டாயிற்று, பதினொரு நாள் தடியங்காய்க் கூட்டு, அவர் தட்டைப் பார்த்துவிட்டு இந்த வீட்ல வேற காயே இல்லையா என்று சுவரைக் கேட்டார். ஏழாவது காயில் சுனை மட்டும் வந்தது, தோல் பச்சையாக, முழுசாக, வழவழவென்று இருந்தது, கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை, அழுதேன்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பழைய கண்டக்டர் பையின் தோல்வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி, கத்தியை மேலும் கீழுமாக இழுக்கிறேன், சர்க், சர்க், நாற்காலியில் அவர் தலை தானாகச் சாய்கிறது, கண் மூடுகிறது, எங்கவே போயிட்டே ரெண்டு வாரமா ஆளையே காணோம் என்று என்னைக் கேட்கிறார், என்னைத்தான், சுவரை இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் எனக்கு வந்த முதல் கேள்வி இன்னொருத்தர் பெயருக்கு வந்தது. நான் ஆண்டியப்பன் இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் கண்ணைத் திறப்பார், பார்ப்பார், முகம் திரும்பிவிடும், அதற்குமேல் எனக்குத் தைரியம் இல்லை, குரலை நெஞ்சுக்குள் இறக்கிக்கொண்டு, ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தேன் கண்டக்டரண்ணாச்சி, தலையத் தூக்குங்க என்றேன். கட்டின புருஷனை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டேன், அவர் பெயரை நாற்பத்தேழு வருஷம் வாயில் எடுக்காமல், இங்கேருங்க இங்கேருங்க என்றே ஓட்டியவள், கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் நுரை. காதுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு விழுந்தது, படிகாரத்தை ஒற்றினேன், சரியாத் தீட்டலியாவே, கல்யாண வீட்ல தின்ன சோறு இன்னும் செமிக்கல போலிருக்கு என்று சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன், என் சிரிப்பை நானே பயந்து பயந்து கேட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தேன், கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு நாளுக்காக நான் காத்திருந்ததில்லை, திங்கள் முதல் சனிவரை சுவருக்குப் பெண்டாட்டி, ஞாயிறு காலை முக்கால் மணி நேரம் ஆண்டியப்பன், சவரத்தை அவசரமாக முடிக்க மனம் வராது, ஒரே இடத்தில் மறுபடி நுரை போடுவேன். மத்தியானம் உலகு போன் பண்ணுவாள், உலகம்மை, என் ஒரே மகள், அப்பா எப்படிம்மா இருக்காவ, நல்லாப் பேசினாவ இன்னைக்கு, ஒங்கிட்டயா, இல்லட்டி, ஆண்டியப்பன்கிட்ட, அவருதான் திருப்பூர் போயிட்டாரேம்மா. நான் போனை வைத்துவிடுவேன்.

உலகுதான் காரணம், இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, காரணம் நான். லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த, கிறிஸ்தவப் பையனான செல்வினை அவள் விரும்பினாள், வேதக்காரப் பையனா என்று இவர் ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார், அந்த ஒரு தள்ளலை வைத்து நான் எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டேன், ஒரு மார்கழி விடியலில், இவர் நாகர்கோவில் வண்டியில் போயிருப்பார் என்று டியூட்டியைக் கணக்குப் பார்த்து, மகளை மதுரை பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன், என் தோட்டைக் கழற்றி அவள் கையில் திணித்து, வாசலோடு நின்றுகொண்டேன். ராத்திரி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார், உலகு எங்க, எனக்குத் தெரியாதுங்க, காலையில கோயிலுக்குப் போறேன்னு போனா என்றேன், உனக்குத் தெரியாதா என்று இரண்டாவது தடவை கேட்டார், தெரியாது என்றேன். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது. மகள் போன கோபம் என்றே நினைத்தேன், மகள் ஓடிப்போனால் அப்பன்காரனுக்குக் கோபம் வராதா, ஆறிவிடும் ஆறிவிடும் என்று இருந்தேன், மகள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கியும் என்னிடம் மட்டும் ஆறவில்லை, நானும் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கஷ்டமாக்கிவிட்டது.

இன்றைக்கு எட்டாவது ஞாயிறு, வலது கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்திருக்கிறேன், அவர் ரொம்ப நேரமாக பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், ஒரு விசயம் ஆண்டியப்பா, யார்கிட்டயும் சொன்னதில்ல கேட்டியா என்கிறார், கத்தி தானாக நிற்கிறது. அன்னைக்கு எனக்கு நாலரை மணி டிரிப்புவே, டயர் பஞ்சர், அஞ்சு மணி ஆயும் வண்டிய எடுக்கல, பக்கத்துல மதுரை வண்டி நிக்கு, கடைசி ஜன்னல்ல ஒரு பிள்ளை, தலையில சால்வை, பச்சைக் கட்டம் போட்ட சால்வை, அது எங்க வீட்டுச் சால்வைலா, கொடைக்கானல் ஸ்பெஷல் போனப்ப வீட்டுக்காரிக்கு நான் வாங்கிட்டு வந்தது, குளிரும்னு பிள்ளைக்குப் போத்தி அனுப்பிருக்கா பாத்துக்க, பக்கத்துல அந்தப் பட்டறைப் பையன், பையன் முழிக்கிற முழியப் பாத்தா நல்லவனாத்தான் தெரிஞ்சான். அவர் எச்சில் விழுங்குகிறார், முடிச்சு மேலே போகிறது, கீழே வருகிறது. வண்டி பின்னால எடுக்கணும், அந்தக் கண்டக்டர் உள்ள கூட்டத்துல மாட்டிக்கிட்டான், டிரைவர் ஆரன் அடிக்கான், பின்னால நின்னு விசில் குடுக்க ஆள் இல்ல. நான் போய் நின்னேன்வே. நான்தான் விசில் குடுத்தேன், வா வா வான்னு, திருப்பி நிப்பாட்டி ரெண்டு தட்டுத் தட்டி ரைட்டுன்னு அனுப்பிட்டேன், பிள்ளை திரும்பிப் பாக்கவே இல்ல.

ஆண்டியப்பன் குரல் இன்னும் என்னிடம் மிச்சம் இருக்கிறது, அப்போ எதுக்கு அண்ணாச்சி வீட்ல பேசாம இருந்தீய என்று அந்தக் குரல் கேட்கிறது. ராத்திரி போய்க் கேட்டேன்லா, உலகு எங்கன்னு, தெரியாதுங்கா, என் மூஞ்சியப் பாத்து, ரெண்டாவது தடவையும் கேட்டேன், தெரியாதுங்கா, சண்டை போடவா கேட்டேன், அவ சொன்னா நானும் சொல்லலாம்னு கேட்டேன்வே, நானுந்தான் அனுப்பினேன்னு, ரெண்டு பேருமா உக்காந்து அழுதிருக்கலாம், அவ என்னையக் கொலைகாரன்னு நெனச்சுட்டா ஆண்டியப்பா, பெத்த பிள்ளைய வெட்டிருவேன்னு நெனச்சுட்டா. அவளாச் சொல்லட்டும்னு இருந்துட்டேன்.

கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்து என் மடியில் வைத்தேன், மடியெல்லாம் நுரை, ஆண்டியப்பன் குரலை விட்டுவிட்டேன், இங்கேருங்க, என்று கூப்பிட்டேன், நாந்தான் அனுப்பினேன், சால்வைய நாந்தான் போத்திவிட்டேன், தெரியாதுன்னு சொன்னது பொய், பயந்து சொன்னேன், இங்கேருங்க, கேக்குதா, நாந்தான். அவர் கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், முகம் திரும்பவில்லை, இவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண்ணை நான் பார்த்து எத்தனை வருஷமாகிறது, ஓரத்தில் பாலாடை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது, பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரித்தார், நான் அடுக்களையில் நின்று முப்பது வருஷம் கேட்ட அதே சிரிப்பு, நல்ல ஆளுவே நீ, அவ செஞ்சதத் தூக்கி ஒன் தலையில போட்டுக்கிடுதியே, எனக்காகச் சொல்லுத, தெரியுது, ஆனா அது அவ வாயால வரணும்லா. வரும்வே. இன்னைக்கு இல்லாட்டா நாளைக்குச் சொல்லுவா, நான் எங்க போயிடப் போறேன், நீ இடது பக்கத்தப் பாரு, நுரை காயுது. கண்ணை மூடிக்கொண்டு அவர் கழுத்தைத் திரும்பவும் என்னிடம் கொடுத்தார், தாடை என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, நான் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைப் படுக்கப் போட்டு, சரி அண்ணாச்சி, அசையாம இருங்க என்றேன்.