பின்சக்கரத்தில் ஐந்து போல்ட்

வேலியைச் சாய்த்தது பசு என்று வெஸ்லி சொன்னபோதே அது பொய் என்று டெசாவுக்குத் தெரிந்துவிட்டது. பிரையர் ஓடைப் பக்கம் கடைசியாகப் பசு வளர்த்தவர் அதை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய் ஆறு வருடமாகிறது. கல்லறைக் குன்றின் அடியில் மூன்று கம்பங்கள் முறிந்து கிடந்தன. அந்த இடத்தில் வெஸ்லி புதுக் கம்பியை அவசரமாக இழுத்துக் கட்டியிருந்தான். கம்பிக்கு அப்பால் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். பள்ளத்தில் ஓடை, ஓடையெல்லாம் பாறை.

யாருடைய பசு என்று கேட்டாள்.

"ஊர்ப் பசு," என்றான் அண்ணன். "அதோட பிறப்புச் சான்றிதழும் வேணுமா உனக்கு?"

முறிந்த கம்பம் ஒன்றில் சிவப்புப் பெயிண்ட் தீற்றியிருந்தது. பழைய புல்வெட்டும் வண்டியின் சிவப்பு. அக்டோபரில் பழுதாகிவிட்டது என்று அவன் கொட்டகையில் தள்ளிப் பூட்டிவைத்த அதே வண்டி. டெசா அதைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்வது அவளுக்கு வராத காரியம் என்பதால் மூன்று நாளாக அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கைபேசியைச் சரிவில் வைத்து வைத்து அளந்தாள். பதினான்கு டிகிரி. அப்பா அம்மாவைப் புதைத்திருக்கும் வரிசைக்குக் கீழே பதினைந்து.

வெஸ்லிக்கு முப்பத்து மூன்று வயது. பத்தொன்பதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனவன். நான்கு வருடத்துக்கு முன்பு கூரைக்கல் விழுந்து இடது முழங்கால் நொறுங்கியது. கம்பெனிக்காரர்கள் கேக் வெட்டிக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். இப்போது அந்தக் கால் மடங்கும், ஆனால் அழுத்தி மிதிக்காது. படியேறும்போது அதை அடுத்தவன் மூட்டையைத் தூக்குவதுபோலச் சலிப்போடு தூக்கிவைப்பான்.

வருகிற ஞாயிறு, ஜூன் மூன்றாம் ஞாயிறு, அவர்கள் குடும்பத்துக்குக் கல்லறை ஞாயிறு; கல்லறைகளுக்குப் பூ வைத்து அங்கேயே சேர்ந்து சாப்பிடும் நாள். ஒஹையோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் பூவும் மூடி போட்ட பாத்திரங்களுமாக வந்து இறங்குவார்கள். அதற்குள் குன்று முழுக்கப் புல் வெட்டியாக வேண்டும். அது வெஸ்லியின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அதனால் யாராலும் பிடுங்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். முடியும். பசு உண்மையில் என்ன பசு என்று பெரியப்பா மகன்களுக்குத் தெரிந்தால் போதும். "பாவம், அவனால முடியல" என்று தோளில் தட்டிக்கொடுத்தே பிடுங்கிக்கொள்வார்கள்.

டெசாவே பாதி பிடுங்கியிருந்தாள். புதன்கிழமை பெரியப்பா மகன் பிரெண்ட்டைக் கூப்பிட்டு, சனிக்கிழமை உன் வண்டியோடு வந்து குன்றை வெட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். வருகிறேன் என்றிருந்தான். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் இப்போது ஆளுக்கொரு பொய் இருந்தது.

அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். இயந்திரப் பொறியியல் முடித்து இந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் சின்சினாட்டிக்குக் கிளம்ப வேண்டும், திங்கள் காலை முதல் நாள் வேலை. அப்புறம் அந்தச் சரிவில் அவன் தனி ஆள். எந்த வண்டியில் உட்காரப்போகிறான் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

வெஸ்லி முடிவு செய்தே வைத்திருந்தான். கடைத் துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். கருநீல வண்டி, ஐம்பத்து நான்கு அங்குல வெட்டு, இருபத்து நான்கு குதிரைச் சக்தி, கோப்பை வைக்க இரண்டு குழி.

"ஒண்ணு காப்பிக்கு, ஒண்ணு குளிர்பானத்துக்கு," என்றான், வெள்ளிக்கிழமை காலை கடைக்கு டிரக்கை ஓட்டிக்கொண்டே.

கியர்பாக்ஸ் என்ன என்று கேட்டாள்.

"கியரே மாத்த வேண்டாம். மிதிச்சா போகும், விட்டா நிக்கும். காலேஜ்ல புல்லு வெட்டவும் பாடம் நடத்துனாங்களா, பொடிசு?"

விட்டால் நிற்குமா என்பதுதான் அவள் கேள்வி. இந்த வண்டிகளில் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய்தான் ஆள். பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சக்கரத்தைத் தள்ளும். சின்னப் பெட்டியாக இருந்தால் மேட்டில் ஏறி ஏறி எண்ணெய் கொதித்து நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் எதையும் தள்ளாது, எதையும் பிடித்தும் நிறுத்தாது. சமதரையில் ஓட்டுகிறவனுக்கு இது பத்து வருடமானாலும் தெரியாது. மேட்டில் ஓட்டுகிறவனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தெரிகிற நேரத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும். பிரேக் மிதி இடது பக்கம். நொறுங்கிய முழங்காலும் இடது பக்கம்.

இதையெல்லாம் அவள் வழிநெடுகச் சொன்னாள். அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

கடைக்காரர் ராண்டல் ஐம்பது வயதுக்காரர். நன்றாகச் சிரிப்பார், விற்கும்போது இன்னும் நன்றாகச் சிரிப்பார். கருநீல வண்டியின் பானட்டைத் தடவியபடி வெஸ்லியிடம் மட்டும் பேசினார். டெசா பேண்ட் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் சரளைக்கல் தரையில் படுத்து, வண்டியின் பின்பக்கத்துக்கு அடியில் தலையை விட்டாள்.

"எண்ணெய் மாத்துறதுக்கு அடைப்பானே இல்லையே," என்றாள் அங்கிருந்து.

"மாத்தவே வேண்டாம் கண்ணு. ஆயுசுக்கும் ஒரே எண்ணெய்."

"யாரோட ஆயுசுக்கு?"

ராண்டல் சிரித்தார். அவள் வெளியே வந்து பின்சக்கரத்தின் நடுவிலிருந்த கறுப்பு மூடியை நகத்தால் நெம்பி எடுத்தாள். அச்சு நுனியில் ஒரு கம்பி வளையம், அவ்வளவுதான். கார்ச் சக்கரத்தைப் போல ஐந்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் உள்ளே கனத்த அச்சு, பெரிய பெட்டி என்று அர்த்தம். வளையம் மாட்டியிருந்தால் சின்னப் பெட்டி. மேலே எத்தனை குதிரையைக் கட்டினாலும் கீழே இருப்பது கழுதைதான்.

ராண்டல் சளைக்கவில்லை. ஓட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கடைக்கு முன்னால் மேசைபோல் தட்டையான சரளைக்கல் திடல். வெஸ்லி இரண்டு சுற்று ஓட்டிவிட்டுக் கல்யாணமான மாதிரி முகத்தோடு வந்தான். எல்லோரும் இங்கே இரண்டு சுற்று ஓட்டித்தான் வாங்கிப்போகிறார்கள், சூடேறாத பெட்டியில், மேடில்லாத தரையில். டெசாவுக்கு வந்த கோபத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே பாப்டிஸ்ட் தேவாலயம். அதன் முன்னால் சாலைவரை இறங்கும் செங்குத்தான புல்மேடு. முழங்கால் உயரப் புல்.

அங்கே வெட்டிப் பார்க்கிறேன் என்றாள். ராண்டலின் சிரிப்பு முதல் தடவையாகத் தடுமாறியது. காரணம் பிறகுதான் தெரிந்தது. தேவாலயத்தில் புல் வெட்ட வாரம் ஒருவர் முறை. கதவில் பெயர்ப்பட்டியல் தொங்குகிறது. இந்த வாரத்துக்கு நேராக எழுதியிருந்த பெயர் ராண்டல்.

வேண்டாமென்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் பாஸ்டரின் மனைவி, ஊரே மரியாதைக்கு மிஸ் நோவலீன் என்று கூப்பிடுகிறவர், ஐஸ் டீ ஜாடியோடு வெளியே வந்துவிட்டார். டெசா அதற்குள் கருநீல வண்டியோடு சாலையைக் கடந்து முதல் வரிசையை வெட்ட ஆரம்பித்திருந்தாள்.

"உன் முறையில புல்லு வெட்டுப்படுறத இன்னிக்குத்தான் பாக்குறேன் ராண்டல்," என்றார் மிஸ் நோவலீன். "பிள்ளைய நிறுத்திடாத. கர்த்தர் பாத்துக்கிட்டிருக்காரு."

வெஸ்லி தேவாலயப் படியில் டீயோடு உட்கார்ந்தான். இருபது நிமிடம் வண்டி பூனைபோல ஏறியது. ராண்டலுக்குச் சிரிப்பு திரும்பியது. முப்பத்தைந்தாவது நிமிடம் பின்னாலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. வெயிலில் பெட்டி பொசுங்கும் வாசனையும் வந்தது. டெசா நிறுத்தவில்லை. மேலே, கீழே, மறுபடி மேலே.

நாற்பத்தேழாவது நிமிடம், மேட்டின் பாதியில் சக்கரம் நின்றது. என்ஜின் அலறிக்கொண்டுதான் இருந்தது. வலது காலால் முன்மிதியை அடிவரை அழுத்தினாள். வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு பின்னால் இறங்க ஆரம்பித்தது.

இப்படி ஆகும் என்று சொன்னவளே அவள்தான். ஆனாலும் அந்த நொடிக்குப் படிப்பு உதவவில்லை. இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வெட்டிய புல்லின்மேல் சக்கரம் வழுக்கியது. இன்னும் ஓங்கி மிதித்தாள். சாலையோரக் கால்வாய்க்கு ஒரு கஜம் இருக்கும்போது வண்டி நின்றது. என்ஜினை அணைத்தாள். 

திரும்பிப் பார்த்தால் வெஸ்லி மேட்டில் குப்புறக் கிடந்தான். ஓடிவந்திருக்கிறான். அந்தக் காலோடு. மூன்றாவது எட்டில் விழுந்திருக்கிறான். டீ கோப்பை இன்னும் கையில் இருந்தது, டீ இல்லை. அவள் போய் அருகில் உட்கார்ந்தாள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அது பசு இல்ல," என்றான்.

"தெரியும்."

"பிரேக்க மிதிச்சேன் பொடிசு. கால் கேக்கல. வேலி மட்டும் இல்லன்னா நான் ஓடைக்குள்ள."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா? மறுநாளே நீ எனக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் குடுத்திருப்ப. வேற எவனாவது வந்து அம்மா மேல புல்லு வெட்டுவான்."

டெசா கைக்குக் கிடைத்த புல்லைப் பிடுங்கினாள். பிரெண்ட்டைக் கூப்பிட்டதைச் சொல்லிவிட்டாள். புதன்கிழமையே கூப்பிட்டதையும் சொன்னாள். வெஸ்லி கோப்பையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

"பிரெண்ட்டுக்குப் போன் போடு," என்றான் கடைசியில். "வண்டியோட வர வேணாம், ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தா போதும்னு சொல்லு."

அங்கேயே, அவன் காதுபட, போன் செய்தாள்.

ராண்டல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக் கம்பெனி ஆள் வந்து பாடம் எடுத்தபோது இதையெல்லாம் சொல்லவில்லை கண்ணு என்றார்.

"என் பேரு டெசா. பின்சக்கரத்துல அஞ்சு போல்ட் இருக்கிற வண்டி ஏதாவது இருக்கா, இல்லையா?"

ஒன்று இருந்தது. கொட்டகையின் கடைசியில் தார்ப்பாய்க்கு அடியில், யாரோ கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிப்போன சாம்பல் நிறப் பழைய வண்டி. இருக்கையில் டேப் ஒட்டியிருந்தது. வெட்டு அகலம் நாற்பத்தெட்டுதான். அடியில் படுத்துப் பார்த்தாள். பன்றித்தலை அளவுக்குக் கியர்பாக்ஸ், எண்ணெய் மாற்ற அடைப்பான், மேலே குளிர்விக்கும் விசிறி. சக்கரத்தில் ஐந்து போல்ட், ஐந்தும் துருப்பிடித்து, ஐந்தும் இறுகி.

"கோப்பை வைக்க குழியே இல்லையே," என்றான் வெஸ்லி.

அவள் ஏறப்போனாள். அவன் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுத் தானே ஏறினான். இடது காலைக் கையால் தூக்கிவைத்தான். முதலில் தேவாலயத்தின் பின்பக்கச் சமதரை முழுவதையும் வெட்டினான். யாரும் சொல்லித்தரவில்லை, பெட்டி சூடேறட்டும் என்று அவனாகவே வெட்டினான். ஒரு மணி நேரம் கழித்து மிச்ச மேட்டுக்கு வந்தான். டெசா மேட்டடியில் நடந்தாள், மிஸ் நோவலீன் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் நடந்தாள். வண்டியின் குரல் மாறுகிறதா என்று மட்டும் கேட்டாள். மாறவில்லை. பாதி மேட்டில் அவன் மிதியிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஒரு விரற்கடை இறங்கி, நின்றது.

அதை வாங்கினார்கள். திரும்பும் வழியில் வெஸ்லி ரேடியோவைத் தொடவில்லை. 

சனிக்கிழமை வெயில் ஏறியபிறகுதான் வெஸ்லி குன்றுக்குப் போனான். முதலில் கீழே சாப்பாட்டு மேசைகள் போடும் சமதரை, அப்புறம் சரிவு. டெசா வேலியோரம் நின்றாள். நிற்கவில்லை, நடந்தாள். புதுக் கம்பியைக் குலுக்கிப் பார்த்தாள். தாங்காது. கம்பி எதையும் தாங்காது என்று அவளுக்குத் தெரியும், அதனால் இன்னொரு தடவை குலுக்கினாள்.

வண்டி மேலும் கீழுமாகப் பொறுமையாக உழன்றது. கருநீல வண்டியைவிட ஆறு அங்குலம் குறைந்த வெட்டு, அதனால் வரிசை அதிகம். பதினொன்றரைக்கு, அப்பா அம்மா வரிசைக்குக் கீழே, முறிந்த கம்பங்களுக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்தினான். பிளேடை அணைத்தான். மிதியிலிருந்து இரண்டு காலையும் எடுத்துத் தரைக்கு மேல் தொங்கவிட்டான். வண்டியின் முதுகு அவளை நோக்கி இருந்தது. அவள் ஒரு பக்கமாக நடந்தபோது சக்கரத்தின் ஐந்து போல்டுகளும் வெயிலில் தெரிந்தன.

"கீழ வா, வெஸ்லி," என்றாள்.

அவன் சட்டைப்பையில் கைவிட்டான். கருநீல வண்டியின் துண்டறிக்கையில் சுற்றிவைத்திருந்த பொலோனா இறைச்சி வைத்த சாண்ட்விச்சை எடுத்தான். பிரித்து மேல் ரொட்டியைத் தூக்கிக் கடுகுச் சாஸ் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது போலிருக்கிறது. சரிவின் நடுவில், ஓடைக்கு முதுகைக் காட்டியபடி, அவசரமே இல்லாமல் தின்ன ஆரம்பித்தான்.

"வெளையாடாதடா."

"நாளைக்கு எல்லாரும் வந்து எங்கடா சாப்பிடுறதுன்னு அலைவாங்க," என்றான் வாயில் ரொட்டியோடு. "நான் இடம் பிடிச்சாச்சு."

கடைசித் துண்டுவரை தின்று, காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டு, உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொள்ளும்வரை வண்டி அசையவில்லை. டெசாதான் வேலியோரமாக அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.